மாத்திரை, ஊசி, ஆபரேஷன் இல்லாமல் எடை குறையுமா? எத்தனை கிலோ குறைந்தால் போதும்?

ஜனவரி 1, பொங்கல் முடிந்த மறுநாள், சுகர் டெஸ்ட் ரிசல்ட் கைக்கு வந்த நாள். "இனிமே வெயிட்டைக் குறைச்சே ஆகணும்" என்ற முடிவு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒரு நாளில்தான் எடுக்கப்படுகிறது. முதல் வாரம் மெஷினில் 2 கிலோ இறங்குகிறது. வீடே பாராட்டுகிறது. நாலாவது வாரம் அரை கிலோகூட அசைய மாட்டேங்குது. மூணாவது மாதம் வாக்கிங்குக்காக வாங்கிய ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் முதல் வாரம் குறைந்த 2 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. நாலாவது வாரம் முள் நின்றுபோனதும் தோல்வி இல்லை. உடம்பு எப்படி எடையைக் குறைக்கிறது, எவ்வளவு குறைந்தால் அதற்குப் பலன் கிடைக்கிறது என்பது தெரியாததால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இது சிலருடைய பிரச்சினை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் எடை அதிகம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களிடம் இது 30.9 சதவீதமாக இருந்தது.

யாருக்கு எடை அதிகம்?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. உலக அளவில் 25-ஐத் தாண்டினால் அதிக எடை. இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு இன்னும் கீழே: 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். அதாவது 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 59 கிலோவிலேயே எச்சரிக்கைக் கோட்டைத் தொடுகிறார். 64 கிலோ என்றால் அது உடல் பருமன்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். மெஷின் ஒரே மாதிரி காட்டும் எடைக்குள் இந்திய உடம்பு இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பை ஒளித்து வைத்திருக்கலாம் என்பதற்கு இன்றைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அந்தப் படம்தான்.

அதனால் எடை மெஷினைவிடத் தையல்காரரின் டேப் முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், "ஆளு ஒல்லிதான், தொப்பை மட்டும் கொஞ்சம்" என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் முதலில் வழிவிடுகிறது.

எத்தனை கிலோ குறைந்தால் போதும்?

ஜிம் விளம்பரத்தில் 30 கிலோ. யூடியூபில் 15 நாளில் 10 கிலோ. ஆராய்ச்சிகளில் வரும் எண் இதைவிட ரொம்பச் சின்னது.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உணவு மாற்றமும் வாரத்துக்கு 150 நிமிட நடையும். இன்னொரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. முதல் பிரிவினருக்கு வைக்கப்பட்ட இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும் என்பதுதான். 80 கிலோ இருப்பவருக்கு அது ஐந்தரை கிலோ. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டை மாற்றி நடந்தவர்களிடம் 58 சதவீதம் குறைந்தது.

"அது அமெரிக்காக்காரங்களுக்கு, நமக்கு ஒத்து வருமா?" என்ற கேள்விக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர், சராசரி வயது 46. அவர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கப்படவில்லை. தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், சர்க்கரையை விட வேண்டும், சோறு போன்ற மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். மூன்று ஆண்டு முடிவில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 40.5 சதவீதம்.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. பழக்கத்தை மாற்றிய பிரிவினருக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. மெஷின் முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, நோய் வருவது மட்டும் குறைந்திருக்கிறது. மூணு மாசம் நடந்தும் ரெண்டு கிலோதான் குறைஞ்சுது என்று ஷூவைத் தூக்கிப் போட நினைப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

முதல் வாரம் 2 கிலோ... அப்புறம் ஏன் நிக்குது?

கல்லீரலும் தசைகளும் அவசரச் செலவுக்கென்று கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றைத் திடீரென்று குறைத்தால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்பு. தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. மெஷினில் தெரியும் அந்த முதல் 2 கிலோவில் பெரும்பகுதி இதுதான். ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். வியர்வை சூட், இடுப்பு பெல்ட் போட்டுக் குறைப்பதும் இதே தண்ணீரைத்தான்.

அதற்குப் பிறகுதான் கொழுப்பின் கணக்கு தொடங்குகிறது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ என்று கால்குலேட்டர் சொல்லும். அது தொடக்கத்தில் சரி. எடை குறையக் குறைய, சின்னதாகிவிட்ட உடம்பை ஓட்ட முன்பு தேவைப்பட்ட அளவு எரிபொருள் தேவையில்லை. பசியும் கூடுகிறது. எடை இறங்கும் வேகம் தானாகவே குறைந்து ஒரு கட்டத்தில் நிற்கிறது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர் கெவின் ஹாலும் குழுவினரும் 2011-ல் இதற்கு ஒரு எளிய கணக்கைக் கொடுத்தார்கள். தினசரி சாப்பாட்டில் நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் சுமார் 1 கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஓராண்டு ஆகும். முழுவதும் குறைய மூன்று ஆண்டுகள். அதாவது தினம் 240 கலோரி குறைத்தால் கடைசியில் 10 கிலோ, முதல் வருடத்தில் 5 கிலோ.

240 கலோரி என்பது எவ்வளவு? ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 120 கலோரி. சமையலில் ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. அவ்வளவுதான். ஆனால் அது நிரந்தரமாக இருக்க வேண்டும். பிரச்சினையே அந்த ஒரு வார்த்தையில்தான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' டிவி நிகழ்ச்சியில் போட்டியிட்ட 14 பேரை கெவின் ஹால் குழு ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதைவிட மோசமான செய்தி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

"சோறே சாப்பிடக் கூடாதா?"

சாப்பிடலாம். முதலில் ஒரு நாளில் எத்தனை முறை அரிசி சாப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். காலையில் இட்லி, மதியம் சோறு, சாயந்திரம் ஒரு பஜ்ஜி, ராத்திரி தோசை. பெயர் மாறுகிறது, உருவம் மாறுகிறது, அரிசியும் மாவும் மாறவில்லை. இந்தியர்களின் சாப்பாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் கணக்கு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் தட்டை வகுத்திருக்கிறது. தானியம் எல்லாம் சேர்த்துச் சமைக்காத எடையில் 250 கிராம். பருப்பு, முட்டை, மீன், கறி சேர்ந்து 85 கிராம். காய்கறி, கீரை, கிழங்கு சேர்ந்து 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மி.லி. நம் வீட்டுத் தட்டை இதன் பக்கத்தில் வைத்தால் சிக்கல் உடனே தெரியும். சோறு மலை மாதிரி, பொரியல் ஊறுகாய் மாதிரி. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

எனவே மாற்றம் சோற்றை ஒழிப்பதில் இல்லை, இடம் மாற்றுவதில் இருக்கிறது. பாதித் தட்டு பொரியல், கூட்டு, கீரை. கால் தட்டு சோறு. மீதிக் கால் தட்டில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன். மத்தியும் நெத்திலியும் போதும், சால்மனைத் தேடி ஓட வேண்டாம். புரதம் முக்கியம், ஏனென்றால் சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். புரதம் அதைத் தடுக்க உதவும், பசியையும் அதிக நேரம் தாங்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 கலோரி. சாயந்திரம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் என்பது நம் ஊரில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய டயட் இல்லை.

"ராத்திரி மட்டும் சப்பாத்தி" என்ற திட்டம் பல வீடுகளில் ஓடுகிறது. கோதுமை மாவும் அரிசியும் நூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான், 340 முதல் 350. எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டால் சோற்றைவிட அதிகமாகவே உள்ளே போகும். கம்பு, கேழ்வரகு, தினைக்கும் இதே கதை. அவற்றில் நார்ச்சத்து அதிகம், அதனால் வயிறு சீக்கிரம் நிறையும். அந்த வகையில் நல்லதுதான். ஆனால் கம்பு தோசையை அஞ்சு சாப்பிட்டுவிட்டு எடை குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வெந்நீரில் தேன் கலந்து குடிப்பது கொழுப்பைக் கரைக்காது. ஒரு டேபிள் ஸ்பூன் தேன் 60 கலோரிக்கு மேல் சேர்க்கத்தான் செய்யும்.

எண்ணெய்க்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டில் ஒருவருக்குத் தினம் 27 கிராம் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். மளிகை பில்லில் 5 லிட்டர் டின் மாதாமாதம் வந்தால், ஒவ்வொருவர் உடம்பிலும் தினம் சுமார் 100 கலோரி யாருக்கும் தெரியாமல் ஏறுகிறது. மேலே சொன்ன கணக்கில் அது காலப்போக்கில் 4 கிலோ.

பாக்கெட் தின்பண்டத்துக்குத் தனிக் கணக்கு. 2019-ல் 20 பேரை ஆராய்ச்சிக் கூடத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்தபோது அவர்களே அறியாமல் தினம் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறினார்கள்.

எந்த டயட் சிறந்தது என்ற சண்டைக்கு ஓரளவு முடிவு வந்துவிட்டது. கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு சோதித்தது. 2018-ல் வந்த முடிவு: ஒரு பக்கம் 5.3 கிலோ, இன்னொரு பக்கம் 6 கிலோ. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் விரதமும் அப்படித்தான். எது ஒருவருக்கு மூணு வருஷம் தாங்குமோ அதுதான் அவருக்கு ஏற்றது.

இதில் வீட்டுப் பெண்களின் நிலைமை தனி. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மூணு மணிக்குச் சாப்பாடு, "வீணாப் போயிடுமே" என்று குழந்தை வைத்த மிச்சம், தீர்ந்துபோன பொரியலுக்குப் பதில் இன்னும் ஒரு கரண்டி சோறு. இவர்களுக்கு டயட் சார்ட் எழுதிக் கொடுப்பதைவிட, பொரியலை இரண்டு மடங்கு செய்து, அவர்கள் பங்கை முதலிலேயே எடுத்து வைப்பது பலன் தரும். அந்தக் காய்கறியை நறுக்க வீட்டில் இன்னொருவர் உட்கார வேண்டும்.

எவ்வளவு நடக்கணும்?

70 கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 120 முதல் 150 கலோரி செலவாகும். பார்க்கில் நாலு ரவுண்டு முடித்துவிட்டு நண்பர்களோடு எதிர் ஓட்டலில் பொங்கல்-வடை என்றால், நடந்ததைவிடப் பல மடங்கு உள்ளே போய்விட்டது. நடையால் மட்டும் எடை வேகமாகக் குறையாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

அப்படியென்றால் எதற்கு நடக்க வேண்டும்? இடுப்புக் கொழுப்பு குறைகிறது, தசை இன்சுலினுக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது, சென்னை ஆய்வில் பார்த்ததுபோல எடை அசையாவிட்டாலும் நோய் தள்ளிப்போகிறது. எல்லாவற்றையும்விட, குறைந்த எடை திரும்பி வராமல் பிடித்து வைப்பது நடைதான். குறைந்தது 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஓராண்டாவது அதைக் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் இருக்கிறது. தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அவர்களில் பத்தில் ஒன்பது பேர் உடற்பயிற்சி செய்பவர்கள், சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம். நாலில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள்.

உலக சுகாதார அமைப்பு சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை. பாட்டுப் பாட முடியாது, ஆனால் பேச முடியும் என்ற வேகம் போதும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். மொட்டை மாடியிலும் நடக்கலாம். தசைக்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கலாம். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றை மட்டும் குறைக்க முடியாது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரையும் என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது.

தூக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. குறைவாகத் தூங்கி வந்த அதிக எடையுள்ள 80 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகத் தூங்கியவர்கள், வேறெந்த டயட்டும் இல்லாமலே சாப்பாட்டில் சராசரியாக 270 கலோரி குறைத்துவிட்டார்கள். ராத்திரி ரீல்ஸ் பார்க்கும் நேரம்தான் அது.

அப்போ ஊசியும் ஆபரேஷனும் தப்பா?

தப்பில்லை. பிஎம்ஐ மிக அதிகமாக இருந்து, கூடவே கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது போன்ற சிக்கல்களும் இருந்தால் டாக்டரே அதைப் பரிந்துரைப்பார். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். ஆனால் 6 கிலோ குறைக்க வேண்டியவருக்கு அது முதல் வழி இல்லை. செமாகுளுடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்ததாக அந்த மருந்தின் ஆய்வே சொல்கிறது. தட்டு மாறாவிட்டால் ஊசிக்குப் பிறகும் பழைய இடம்தான்.

யார் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள். சோற்றைக் குறைத்து, மருந்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். பிபி மாத்திரையின் அளவையும் எடை குறையக் குறைய மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாங்களாக டயட் இருக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால், நடையை நிறுத்திவிட்டு அன்றைக்கே பரிசோதிக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. கடுமையான பட்டினிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிர்வதும் உண்டு. என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதாத பவுடரையும், யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொருளையும் வாயில் வைக்கவே கூடாது.

நன்றாகச் சாப்பிட்டும், டயட்டோ பயிற்சியோ இல்லாமலே, 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் தானாகக் குறைந்திருந்தால் அது சந்தோஷப்படும் விஷயம் இல்லை. தைராய்டு கோளாறு, கட்டுப்பாட்டை இழந்த சர்க்கரை, காசநோய், புற்றுநோய் என எதுவும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும்.